விசாரித்துப் போகிற பிரயாணம்

தேனியிலிருந்து குமுளிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், வீரபாண்டியையும் சின்னமனூரையும் கடந்து, முல்லைப் பெரியாற்றங்கரையில் அமைந்திருக்கும் உத்தமபாளையத்தை, தேக்கடி ஏரியில் படகேறப் போகிறவர்களும், மாலை அணிந்து சபரிமலைக்குப் போகிறவர்களும், ஏலக்காய் வியாபாரத்துக்காக மலையேறுகிறவர்களுமாக நாள்தோறும் எத்தனையோ பேர் கடந்து செல்கிறார்கள். ஆனால் அவர்களுள் இவ்வூரில் இறங்கி, ஒரு பொழுதேனும் தங்கி, இங்கே வாழ்கிறவர்கள் யார், இந்த வயல்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஊருக்குப் பக்கத்துப் பாறையில் செதுக்கியிருக்கும் உருவங்கள் யாருடையவை என்று விசாரித்தவர்கள் மிகச் சிலரே. கம்பம் பள்ளத்தாக்கின் உள்ளே இரயில் வந்ததில்லை. 1928இல் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு வந்த பாதை, 2010ஆம் ஆண்டின் முடிவில் அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்டு, 2022இல் தேனி வரையிலும் 2023இல் போடி வரையிலும் திரும்பத் திறக்கப்பட்டது; போடியோடு அது நின்றுவிடுகிறது. ஆகையால் உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் கூடலூருக்கும் வருகிற அந்நியனுக்குப் பேருந்து நிலையந்தான் கோபுரவாசல். அங்கே இறங்கியவுடன் அவன் யாரையாவது எதையாவது கேட்டே ஆகவேண்டும்.

எவருடைய ஏற்பாட்டுக்கும் உட்படாமல், சுயேச்சையாகப் புதிய ஊர்களைக் காணப் புறப்படுகிறவன் யார் தயவையும் எதிர்பாராதவன், தன் காலையும் தன் புத்தியையும் மட்டும் நம்பிப் போகிறவன் என்று ஓர் எண்ணம் நம்மிடையே நிலவுகிறது. என் அபிப்பிராயம் இதற்கு நேர்மாறானது. ஏற்பாடு செய்த சுற்றுலாவில் போகிறவனுக்கு வழிகாட்டி ஒருவர் போதும்; உணவும் உறையுளும் வாகனமும் முன்கூட்டியே அமைந்துவிடுவதால், அவன் ஊராரோடு ஒரு வார்த்தை பேசாமலே ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். சுயேச்சைப் பிரயாணிக்கோ காலையில் காப்பி குடிக்கும் இடத்திலிருந்து இரவில் தலை சாய்க்கும் இடம் வரையில் ஒவ்வோர் அடியிலும் முன்பின் அறியாத ஒருவருடைய சொல் வேண்டியிருக்கிறது. அவனைப் போலப் பிறரை நம்பி வாழ்கிறவன் வேறொருவன் இல்லை.

இக்காலத்தில் கைப்பேசியின் வரைபடம் இருக்கிறதே என்று கேட்கலாம். அதன் உபகாரத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இரவு வெகு நேரம் கழித்து அறியாத ஊரில் தனியே இறங்குகிற ஒரு பெண்ணுக்கு அது கொடுக்கும் தைரியம் சாமானியமானதன்று. அந்த ஒரு காரணத்துக்காகவே அதைப் போற்றலாம். ஆனால் வழி என்பது தூரமும் திசையும் மாத்திரம் அடங்கிய விஷயம் அன்றே! சுருளி அருவியில் இன்றைக்குக் குளிக்க விடுகிறார்களா, நேற்றிரவு மேலே பெய்த மழையால் வெள்ளம் மிகுந்திருக்கிறதா, யானை நடமாட்டம் என்று வனத்துறையார் தடுத்திருக்கிறார்களா என்பனவெல்லாம் கம்பம் பேருந்து நிலையத்து ஆட்டோக்காரருக்கு விடிந்தவுடனே தெரிந்திருக்கும். அவரைக் கேட்டால் அதைச் சொல்லுவதோடு நில்லாமல், சுருளிப்பட்டிப் பக்கத்தில் எந்தத் தோட்டத்தில் பன்னீர் திராட்சை அறுவடை நடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுவார். கேட்டதற்கு மேல் ஒன்று கிடைப்பதுதான் மனிதரிடம் விசாரிப்பதன் இலாபம்.

உத்தமபாளையத்தை அறிய விரும்புகிறவர் அதன் விடியற்காலையிலிருந்து தொடங்க வேண்டும் என்பேன். பொழுது புலரும் முன்பே இப்பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து ஜீப்புகள் கிளம்புகின்றன. தலைத்துண்டும், சேலைமேல் போட்ட ஆண்பிள்ளைச் சட்டையும், கையில் தூக்குச்சட்டியுமாகப் பெண்கள் சாலையோரத்தில் கூட்டங் கூட்டமாக நின்று, தங்கள் தங்கள் ஜீப்பு வந்ததும் ஏறி, கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாயும் நேரத்தில் திரும்புகிறார்கள். மேலே குளிர் எப்படி, மூடுபனி எந்த நேரத்தில் விலகும், மெட்டுச் சாலையில் எங்கே மண் சரிந்திருக்கிறது என்பவற்றை அவர்களைவிடத் துல்லியமாகச் சொல்லக்கூடியவர் இல்லை. அப்படி நின்றுகொண்டிருந்த ஒரு முதியவளிடம் மலைமேல் மழை உண்டா என்று நான் கேட்டபோது, அவள் மழையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், என்னை ஏற இறங்கப் பார்த்து, "எந்த ஊருங்கய்யா? இங்க யாரு வீட்டுக்கு வந்திருக்கீக?" என்றாள். என் ஊரைச் சொன்னேன். யார் வீட்டுக்கும் வரவில்லை, ஊரைப் பார்க்க வந்தேன் என்றும் சொன்னேன். "ஊரைப் பாக்கவா! பாருங்க, பாருங்க" என்று சிரித்துவிட்டு, அதன் பிறகே மேகம் எந்தப் பக்கம் இறங்கினால் மழை எப்போது வரும் என்ற சாஸ்திரத்தை விஸ்தாரமாக விளக்கினாள். அதற்குள் ஜீப்பு வந்துவிட்டது.

அந்தக் கேள்வியை நான் பெரிதும் மதிக்கிறேன். நம் நாட்டில் விசாரணை என்பது ஒருபக்கமாக நடப்பதில்லை. கேட்க வந்தவன் முதலில் தன்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கிருந்து வருகிறாய், எதற்காக வந்தாய் என்ற இரண்டுக்கும் நேரான விடை கூறியவனுக்கே ஊர் தன் விஷயத்தைச் சொல்லுகிறது. இக்கேள்வி சில சமயங்களில் ஊரைத் தாண்டிக் குலத்தைத் தொட முனைவதும் உண்டு. அவ்விடத்தில் பிரயாணி மரியாதையாகப் பேச்சைத் திருப்பிவிட வேண்டும், அதற்கு விடை சொல்லும் கடமை அவனுக்கு இல்லை. ஆனால் பெரும்பாலும் அது, இந்த மனிதனை நம்பி எவ்வளவு சொல்லலாம் என்று அளந்து பார்க்கும் கேள்வியே. வரைபடம் நம்மை எதுவும் கேட்பதில்லை. கேட்காத காரணத்தினாலேயே அது எல்லோருக்கும் ஒரே விடையைத் தருகிறது.

உத்தமபாளையத்தின் கருப்பணசாமி கோயில் பாறையில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செதுக்கிய சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. திருக்குணகிரி என்று பழம்பெயர் பெற்ற இடம் அது. தமிழ்நாட்டுச் சமண வரலாற்றில் பல மலைகளிலும் திருமேனி செய்வித்தவராகக் காணப்படும் அச்சணந்தி என்னும் முனிவரின் பெயர் இங்கும் வட்டெழுத்தில் பொறித்திருக்கிறது. இதைப் புத்தகத்தில் படித்துவிட்டு வருகிறவர் சமணர் சிற்பம் எங்கே என்று கடைத்தெருவில் கேட்டால், பலர் கையை விரித்துவிடுவார்கள். கருப்பணசாமியைக் கேட்டால் குழந்தைகூட வழி காட்டும். ஊர் தன் கல்லை மறந்துவிடவில்லை, அதைத் தன் வழிபாட்டுக்குள் வைத்துக்கொண்டு காத்துவருகிறது. பாறையின் செங்குத்தான முகத்தில் நிற்பனவும் இருப்பனவுமாகத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாக அமைந்திருக்கின்றன, தலைக்குமேல் குடை, பார்சுவநாதருக்கு மட்டும் படம் விரித்த நாகம். காலமும் மழையும் சில முகங்களைத் தேய்த்துவிட்டன. அருகில் சென்று, பக்கவாட்டில் வெயில் விழுகிற நேரமாகப் பார்த்து நின்றால், உருவங்களுக்குக் கீழே எழுத்தின் கீறல்கள் மெல்ல மெல்லக் கண்ணுக்குப் புலப்படும். உச்சி வெயிலில் வந்தவருக்கு அங்கே வெறுங் கல்லே தெரியும். எந்த நேரத்தில் போகவேண்டும் என்பதை எனக்குச் சொன்னவர் கோயிலுக்கு விளக்கேற்ற வந்த ஒருவர்தாம்.

நூல்களின் உதவி வேண்டாம் என்பது என் கருத்தன்று. 1906இல் பிரான்சிஸ் துரை எழுதிய மதுரை ஜில்லா கெஸட்டியரைக் கையில் வைத்துக்கொண்டு இப்பள்ளத்தாக்கில் சஞ்சரிப்பது ஒரு தனிச் சுகம். அப்போது உத்தமபாளையம் பெரியகுளம் தாலுகாவின் ஒரு பகுதி, தேனி என்ற மாவட்டமோ 1996இல்தான் பிறந்தது. சின்னமனூரில் இறங்குகிறவருக்கு, பாண்டியர் வரலாற்றையே நிர்ணயிக்க உதவிய செப்பேடுகள் கிடைத்த ஊர் இது என்று தெரிந்திருந்தால், பூலாநந்தீசுவரர் கோயிலின் பிராகாரத்தில் அவர் நடக்கும் நடையே வேறாகிவிடும். ஆனால் புத்தகமும் எவரோ ஒருவர் ஊர் ஊராக நடந்து விசாரித்ததன் பயனே. ஆண்டிபட்டிக்கு அருகே வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில், ஆநிரைப் பூசலில் மாண்ட வீரனுக்கு எடுத்த, தமிழ் பிராமி எழுத்துடைய நடுகல் 2006இல் கிடைத்ததும், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் களத்தில் இறங்கித் தேடியதனால்தான்.

கடைகளிலும் வீடுகளிலும் சாமி படங்களின் வரிசையில் மீசை வைத்த ஒரு வெள்ளைக்காரரின் படம் தொங்குவதை இப்பிரதேசத்துக்குப் புதிதாக வருகிறவர் கண்டு வியக்கிறார். விசாரித்தால், மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை அணையிட்டுத் தேக்கி, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிவிட்ட ஜான் பென்னிகுயிக் அவர் என்பது தெரிகிறது. அணை திறந்தது 1895இல். வழக்கமாக ஜூன் மாதத் தொடக்கத்தில் அந்தத் தண்ணீர் லோயர் கேம்ப்பில் இறங்கி வந்து, கூடலூரிலிருந்து கீழ்நோக்கி 14,707 ஏக்கரில் இருபோக நெல்லை விளைவிக்கிறது என்பதை ஊர்க் குடியானவர் எவரும் அந்தக் கடைசி ஏழு வரையில் பிசகாமல் சொல்லுவார். பொங்கலன்று வயலில் பென்னிகுயிக்குக்குப் பொங்கல் வைக்கிறார்கள். கடைக்காரரிடம் அப்படத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டவருக்குப் பள்ளத்தாக்கின் சரித்திரம் முழுவதும் கிடைத்துவிடும். கேட்காமல் போனவர் பச்சை வயலைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போவார்.

வழி விசாரிப்பதை நம் முன்னோர் எவ்வளவு சிரத்தையோடு கருதினார்கள் என்பதற்குச் சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையே தக்க சான்று. உறையூரை விட்டுப் புறப்பட்ட கோவலனும் கண்ணகியும் சமணத் துறவியான கவுந்தியடிகளும் இளைப்பாறும் சோலையில், குடமலை நாட்டு மாங்காட்டு மறையோன் ஒருவன் வந்து சேர்கிறான். கோவலன் அவனை முதலில் மதுரைக்கு வழி கேட்கவில்லை. உமது ஊர் எது, இங்கு வந்த காரணம் என்ன என்றே கேட்கிறான். அவனும் அரங்கத்திலும் வேங்கடத்திலும் திருமாலைத் தரிசிக்கும் ஆசையால் வந்ததைச் சொல்லித் தன்னை இன்னானென்று தெரிவித்துக்கொள்கிறான். அதன் பின்னர்தான் வழி. கொடும்பாளூருக்கு அப்பால் பாதை மூன்றாகப் பிரியும் என்றும், வலப்பக்கத்து வழியில் வறண்ட காடும் எயினர் குடியிருப்பும் கடந்தால் சிறுமலை வரும் என்றும், இடப்பக்கத்து வழியில் திருமால் குன்றமும் அங்கே நீராடினால் சித்திகள் தரும் மூன்று பொய்கைகளும் உண்டு என்றும், நடுவழி எளிது எனினும் ஆறலைக்கும் கானுறை தெய்வம் ஒன்று அங்கே மயக்கும் என்றும், மரங்களின் பெயரைக்கூட விடாமல் அவன் எடுத்துரைக்கிறான். எந்த வழி நல்லது என்று ஒரே சொல்லில் சொல்லாமல், மூன்றின் குணதோஷங்களையும் விரித்துக்கூறித் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கேட்டவனிடமே விட்டுவிடுகிற அந்த மறையோனை, வழி சொல்லும் தர்மத்துக்கே இலக்கணமாகக் கொள்ளலாம். கவுந்தியடிகள் பொய்கைகளின் சித்தி தமக்கு வேண்டாம் என்று மறுத்துரைக்க, மூவரும் நடுவழியில் போகிறார்கள். தெய்வம் மாதவியின் தோழி வசந்தமாலையின் வடிவில் வரும்போது கோவலன் ஏமாறவில்லை என்றால், முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டதும் அதற்கு ஒரு காரணம்.

இக்காப்பியம் கம்பம் பள்ளத்தாக்கோடு இணைந்த கதையையும் இங்கே சொல்லவேண்டும். மதுரையை எரித்த கண்ணகி, இரவு பகல் பாராமல் வைகைக் கரை வழியே மேற்கு நோக்கி நடந்து, நெடுவேள் குன்றத்தில் ஏறி, வேங்கை மரத்தின் கீழ் நின்று, பதினான்காம் நாள் விண்ணேறினாள் என்று இளங்கோவடிகள் கூறுகிறார். பலரும் இதைக் கவியாகப் படித்தார்கள். கல்வெட்டு அறிஞரான பேராசிரியர் சி. கோவிந்தராசனார் இதை வழி விவரமாகவும் படித்தார். புகாரிலிருந்து கண்ணகி நடந்த பாதை நிலத்தில் இன்றும் இருக்கவேண்டும் என்ற துணிவோடு, நூலைக் கையில் பற்றிக்கொண்டு நடந்து, இளங்கோ பெயர் சொல்லும் ஊர்களையும் குன்றுகளையும் ஒவ்வொன்றாக நேரில் கண்டு, ஊரார் வாய்மொழிகளோடு ஒப்புநோக்கி, ஆண்டுக்கணக்கில் உழைத்து, 1963இல் கூடலூருக்கு மேலே மலையுச்சியில் மங்கலதேவி என்று மக்கள் வழங்கிவந்த, காட்டினுள் இடிந்து கிடந்த கற்கோயிலைக் கண்ணகி கோட்டம் என்று உலகுக்கு அறிவித்தார். அவருடைய நூலின் பெயரே 'கண்ணகியார் அடிச்சுவட்டில்' என்பது.

அக்கோயிலே இளங்கோ கூறிய கோட்டம் என்பதை எல்லா அறிஞரும் ஒப்பவில்லை. கொடுங்கல்லூர்ப் பகவதி கோயிலைக் காட்டுகிறவர்களும் உண்டு. வாதம் எங்ஙனம் முடிந்தாலும், புதிய இடத்தைக் காணும் முறையைக் கோவிந்தராசனாரிடம் கற்றுக்கொள்ளலாம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நிலத்தின் அமைப்பே அவருக்குத் துணை நின்றது. மதுரையிலிருந்து ஆற்றின் கரையைப் பிடித்து மேற்கே நடக்கிறவர் தேனியைச் சேர்ந்து, அங்கிருந்து சுருளியாறும் முல்லையாறும் வரும் திசையில் திரும்பினால், இருபுறமும் மலை நெருங்கி நெருங்கி வர, கூடலூருக்கு அப்பால் எதிரே சுவர்போல் எழும் மலையில்தான் போய் முட்டவேண்டும். மேலும், காவியத்திலேயே கண்ணகி விண்ணேறிய செய்தியை முதலில் அறிந்தவர்கள் மலைக்குறவர்கள். பேரியாற்றங்கரையில் தங்கியிருந்த சேர மன்னன் செங்குட்டுவனுக்கு, திறைப்பொருள்களைச் சுமந்து வந்த அவர்களே, தங்கள் கண்ணால் கண்ட அதிசயத்தைச் சொல்லுகிறார்கள். அரசனுக்கும் அது விசாரித்துத் தெரிந்த விஷயந்தான். அக்குறவர் சொல்லியிராவிட்டால் பத்தினிக்குக் கல் எடுத்திருக்க முடியாது. இன்றும் அம்மலையடிவாரத்தில் பளியர் வாழ்கிறார்கள். காட்டின் தடங்களை அறிந்தவர்கள் அவர்கள்.

உலகம் சுற்றிய தமிழன் என்று பெயர் பெற்ற கோட்டையூர் ஏ. கே. செட்டியாரும் கோவிந்தராசனாரைப் போல விசாரித்துச் சென்றவரே. 1937இல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகும்போது காந்தியடிகளைப் பற்றி ஒரு படம் எடுக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. யார் யார் மகாத்மாவைப் படம் பிடித்தார்கள், அச்சுருள்கள் எந்த நகரத்தில் எவரிடம் இருக்கின்றன என்பதற்குப் பட்டியல் ஏது? நகரம் நகரமாகச் சென்று, ஒருவரைக் கேட்டு அவர் சொன்ன மற்றொருவரைத் தேடிப்போய், மூன்றாண்டுகளில் அவற்றைத் திரட்டி 1940இல் படத்தை வெளியிட்டார். அவருடைய பிரயாண நூல்களில் அவரைப் பற்றிய செய்தி சொற்பம், அவரிடம் பேசியவர்களைப் பற்றியதே அதிகம். 1943இல் அவர் தொடங்கிய 'குமரி மலர்' இதழிலும் அவருடைய தொகுப்புகளிலும், தமக்கு முன்னே பிரயாணம் செய்தவர்களின் பழைய கட்டுரைகளைத் தேடிப் பிடித்து அச்சேற்றினார். தாம் கேட்டுப் பெற்றதை அடுத்து வருகிறவனுக்குக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும் என்ற நேர்மை அது. தாம் பரிசு பெற்ற வழியைப் பிறருக்குக் காட்டிய ஆற்றுப்படைப் புலவர்களின் நேர்மையும் அதுவே.

ஆகவே இப்பள்ளத்தாக்குக்கு வர நினைக்கிறவருக்கு நான் விசாரித்து அறிந்ததைச் சொல்லுகிறேன். மங்கலதேவிக்குச் செல்ல ஆண்டில் ஒரு நாள் மட்டுமே, சித்ரா பௌர்ணமியன்று, அனுமதி உண்டு. தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் கூடி ஏற்பாடு செய்கின்றன. முந்தின நாளே உத்தமபாளையம் வந்துவிடுவது உசிதம். மாலையில் தென்காளத்தி என்று ஊரார் போற்றும் காளாத்தீசுவரர் கோயிலைத் தரிசித்து, பக்கவெயில் இருக்கும்போதே கருப்பணசாமி பாறையையும் பார்த்துவிடலாம். மறுநாள் அதிகாலையில் கூடலூர் வழியாகப் போகும் பேருந்தில் ஏறி, லோயர் கேம்ப்புக்குப் பக்கத்தில் பளியங்குடிக்குப் பிரியும் இடத்தில் இறக்கிவிடும்படி நடத்துநரிடம் சொல்லிவைக்க வேண்டும். அங்கிருந்து காட்டு வழியே ஏறத்தாழ ஆறரைக் கிலோமீட்டர் ஏற்றம். நடக்க இயலாதவர் குமுளிக்குப் போனால் ஜீப்பு கிடைக்கும். பிளாஸ்டிக் பொருள்களை வனத்துறையார் உள்ளே விடுவதில்லை. தண்ணீருக்கு எவர்சில்வர் பாத்திரம் கொண்டுபோவது நல்லது. மாலைக்குள் இறங்கிவிட வேண்டும். வழியில் யாரேனும் எந்த ஊர் என்று கேட்டால், நின்று விடை சொல்லிவிட்டுப் போகவும்.